காவிரிக் கணக்கு: பெரிய எண்களை எதனால் வகுப்பது?

2018 பிப்ரவரி 16 அன்று காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. கர்நாடகம் ஆண்டுதோறும் மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய நீரை காவிரி நடுவர் மன்றம் 2007-இல் 192 டிஎம்சி என்று நிர்ணயித்திருந்தது. தீர்ப்பு அதை 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. குறைந்தது 14.75 டிஎம்சி. டெல்டா பாசனத்துக்கு இது பேரிழப்பு என்ற வாதமும், மொத்த நீரில் இது சொற்பம் என்ற வாதமும் அப்போதே எழுந்தன. இரண்டு வாதத்துக்கும் ஆதாரம் ஒரே எண்.

அந்த எண்ணை வேறு அலகுகளில் எழுதிப் பார்க்கலாம். ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. ஆக 14.75 டிஎம்சி என்பது 1,475 கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் சுமார் 41,800 கோடி. கன கிலோமீட்டரில் சொன்னால் 0.418. தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் 41,800 கோடி லிட்டர் என்றால் மலைத்துப் போகிறோம், 0.418 என்றால் கண் அதில் நிற்பதே இல்லை. ஒரு பெரிய எண்ணைத் தனியாக நிறுத்திவைத்து ‘இது பெரிதா?’ என்று கேட்டால், பதில் சொல்வது தண்ணீர் இல்லை, நாம் தேர்ந்துகொண்ட அலகு. அதே அலகில் உள்ள இன்னோர் அளவால் வகுக்கும்போதுதான் அலகு அடிபட்டுப்போய், ஒப்பிடத்தக்க ஒன்று கையில் மிஞ்சுகிறது. அதுதான் விகிதம். காவிரியைப் பற்றிய நம் பேச்சில் எண்கள் ஏராளம், விகிதங்கள் அரிது. இது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம்.

சுழியங்களை அடுக்கில் ஏற்றுவது

வகுக்கத் தயங்குவதற்கு முதல் காரணம் சுழியங்கள். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, அதாவது 93,47,00,00,000 கன அடி. சென்னையின் செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நாளிதழில் இரண்டு செய்தியும் அருகருகே வரும். ஒன்று டிஎம்சியில், மற்றது மில்லியன் கன அடியில். அவசரத்தில் வாசிக்கும் கண்ணுக்கு 93.47-ஐவிட 3,645 பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை.

அறிவியல் குறியீடு இந்தச் சிக்கலை எளிதாக அவிழ்க்கிறது. எந்த எண்ணையும் இரண்டு துண்டாக எழுத வேண்டும்: 1 முதல் 10-க்குள் ஓர் எண் (முன்னெண்), அதோடு பெருக்கப்படும் பத்தின் அடுக்கு. மேட்டூர் 9.347 × 10¹⁰ கன அடி. செம்பரம்பாக்கம் 3.645 × 10⁹ கன அடி. வகுப்பதற்கு முன்னெண்ணை முன்னெண்ணால் வகுத்து, அடுக்கிலிருந்து அடுக்கைக் கழித்தால் போதும். 9.347-ஐ 3.645-ஆல் வகுத்தால் 2.56. பத்திலிருந்து ஒன்பது போனால் ஒன்று. ஆக 2.56 × 10¹, அதாவது 25.6. நிரம்பிய மேட்டூர் அணைக்குள் இருபத்தைந்தரைச் செம்பரம்பாக்கம் அடங்கும். இதற்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம். தாளின் ஓரத்தில் போட்டுவிடலாம்.

அடுக்குகளைக் கூட்டினால் எண்கள் பெருகும், கழித்தால் வகுபடும் என்ற இந்த உண்மை மிகப் பழையது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ், அண்டம் முழுவதையும் மணலால் நிரப்பினால் எத்தனை மணல் வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டார். கிரேக்கர்களிடம் அப்போது சுழியமும் இடமதிப்பும் கிடையாது. பெயர் சொல்லி அழைக்கக்கூடிய மிகப் பெரிய எண் பத்தாயிரம்தான். அவர் பத்தாயிரத்தைப் பத்தாயிரத்தால் பெருக்கி, அந்தப் பத்துக் கோடியைப் புதிய அலகாக வைத்து, அதன் மேல் அடுக்கடுக்காக ஏறிப்போனார். இன்றைய குறியீட்டில் எழுதினால் அவர் விடை 10⁶³-க்கு மிகாது. வழியில் அவர் நிறுவிக் காட்டியதுதான் நாம் இங்கே பயன்படுத்தும் அடுக்கு விதி. எண்ணின் தோளில் சிறிய எண்ணை ஏற்றி எழுதும் இன்றைய முறை வந்ததோ அதற்கு வெகு காலத்துக்குப் பின்; 1637-இல் பிரெஞ்சுக் கணிதர் தேக்கார்த்தின் எழுத்தில் அதை இன்றைய வடிவில் காண்கிறோம்.

ஆனால் அடுக்கை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை தேர்வாய் கண்டிகை, வீராணம் ஆகிய ஆறு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு 13,222 மில்லியன் கன அடி, அதாவது 1.322 × 10¹⁰ கன அடி. இதற்கும் மேட்டூருக்கும் அடுக்கு ஒன்றே. ஆனாலும் மேட்டூர் ஏழு மடங்கு பெரிது. செம்பரம்பாக்கத்தின் அடுக்கு ஒன்பது, ஆறு ஏரிகளின் அடுக்கு பத்து. அவற்றுக்கிடையே இருப்பதோ மூன்றரை மடங்கைச் சற்றே தாண்டிய வேறுபாடுதான். அடுக்கு நம்மைச் சரியான தெருவுக்குக் கொண்டுபோய் விடும், கதவு எண்ணைச் சொல்வது முன்னெண்.

இன்னொரு பிழை இதைவிட ஆபத்தானது. 10⁹-க்கும் 10¹²-க்கும் இடையே ‘மூன்றுதான் வித்தியாசம்’ என்று மனம் நம்மை அறியாமல் நினைத்துக்கொள்கிறது. அந்த மூன்று ஆயிரம் மடங்கைக் குறிக்கிறது. கூட்டல் கழித்தலுக்குப் பழகிய மனம் அடுக்குகளையும் கூட்டல் கணக்காகவே படிக்கிறது. ஒவ்வொரு அடுக்கும் பத்தால் பெருக்கு என்பதை நினைவில் இருத்திக்கொள்ளக் கொஞ்சம் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்கு ஆற்றைவிட நல்ல இடம் இல்லை.

இருப்பும் வரத்தும்

மழைக்காலத்தில் நாள்தோறும் வரும் செய்தி ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும்: நீர்மட்டம் இத்தனை அடி, நீர் இருப்பு இத்தனை டிஎம்சி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி. மூன்றும் மூன்று வகை அளவுகள். இருப்பு என்பது தேங்கிக் கிடக்கும் கன அளவு. வரத்து என்பது ஓட்டத்தின் வேகம், அதற்குள் காலமும் கலந்திருக்கிறது. இந்த இரண்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனால் ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் காலம் கிடைக்கும். அணைச் செய்தியில் மிகவும் பயனுள்ள எண் அதுதான் என்பது என் கருத்து. அது அச்சாவதோ அபூர்வம்.

ஒரு நாளைக்கு 86,400 வினாடிகள்; 8.64 × 10⁴. இந்த ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூருக்கு வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன அடி தண்ணீர் வந்தது. 2 × 10⁵-ஐ 8.64 × 10⁴-ஆல் பெருக்கினால் 17.28 × 10⁹. ஒரே நாளில் 17.28 டிஎம்சி. அந்த வேகத்தில் வரத்து குறையாமல் நீடித்தால், வறண்டு கிடக்கும் மேட்டூர் அணை முழுவதும் நிரம்ப 93.47 ÷ 17.28, அதாவது ஐந்தரை நாளுக்கும் குறைவான நேரம் போதும். கோடையில் வரத்து வினாடிக்கு 1,000 கன அடியாக மெலிந்துவிட்ட நாள்களை இதோடு ஒப்பிடுங்கள். 9.347 × 10¹⁰-ஐ 10³-ஆல் வகுத்தால் 9.347 × 10⁷ வினாடிகள். ஓராண்டில் 3.156 × 10⁷ வினாடிகள் இருக்கின்றன. ஒரு சொட்டும் ஆவியாகாமல், ஒரு சொட்டும் திறந்துவிடாமல் வைத்திருந்தாலும் அணை நிரம்ப ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். ஒரே ஆறு, ஒரே அணை. ஐந்து நாளும் மூன்று ஆண்டும். வரத்தில் 200 மடங்கு வேறுபாடு என்பது இதைத்தான் சொல்கிறது.

இருப்பை வரத்தால் வகுக்கும் இதே கணக்கு அணையைக் காலி செய்வதற்கும் பொருந்தும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. 3.645 × 10⁹-ஐ 2.9 × 10⁴-ஆல் வகுத்தால் 1.26 × 10⁵ வினாடிகள், அதாவது சுமார் 35 மணி நேரம். ஏரிக்குள் புதிதாக நீர் வராமல் இருந்திருந்தால், நிரம்பிய ஏரி முழுவதும் ஒன்றரை நாளுக்குள் அடையாற்றில் இறங்கிவிடும் வேகம் அது. 29,000 என்ற எண்ணை மட்டும் கேட்டவருக்கு இது புலப்படாது.

2023-இல் நடந்ததையும் இந்தக் கண்ணோடு பார்ப்போம். பருவமழை பொய்த்த அந்த ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு வினாடிக்கு 24,000 கன அடி திறக்கக் கோரியது. காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு ஆகஸ்ட் 29 முதல் 15 நாள்களுக்கு 5,000 கன அடி திறக்கப் பரிந்துரைத்தது. 5 × 10³-ஐ 8.64 × 10⁴-ஆல் பெருக்கி, 15-ஆலும் பெருக்கினால் 6.48 × 10⁹, அதாவது 6.48 டிஎம்சி. மேட்டூரின் கொள்ளளவில் 7 விழுக்காடு. இது போதுமா, போதாதா என்று பேசுவதற்குச் சரியான அளவுகோல் தீர்ப்பிலேயே இருக்கிறது. 177.25 டிஎம்சி எந்த மாதம் எவ்வளவு வர வேண்டும் என்று பட்டியல் உண்டு. ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76. பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5 மட்டும். ஆகஸ்ட் அளவை 31 நாளால் வகுத்து வினாடிக்கு மாற்றினால் சராசரி சுமார் 17,200 கன அடி. செப்டம்பருக்கு சுமார் 14,200. ஆக, பரிந்துரைக்கப்பட்ட 5,000 என்பது வழக்கமான ஆண்டின் இதே பருவத்து அளவில் மூன்றில் ஒரு பங்கு.

இந்த இடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. 177.25 டிஎம்சியை ஆண்டு முழுவதற்கும் சமமாகப் பரப்பினால் சராசரி வினாடிக்கு 5,600 கன அடி வரும். அதை வைத்து ‘5,000 என்பது ஆண்டுச் சராசரிக்கு ஏறத்தாழச் சமம்தானே’ என்று ஒருவர் வாதிடலாம். கணக்கில் பிழை இராது. ஆனால் பருவத்தை மறந்த கணக்கு அது. நெற்பயிர் ஆண்டுச் சராசரியைக் குடிப்பதில்லை. குறுவைக்கும் சம்பாவுக்கும் தண்ணீர் வேண்டிய வாரத்தில் வேண்டும். அதே நேரத்தில், பற்றாக்குறை ஆண்டில் எல்லா மாநிலங்களின் பங்கையும் விகிதாசாரப்படி குறைத்துக்கொள்ள வேண்டும் என்று நடுவர் மன்றமே சொல்லியிருக்கிறது. கர்நாடகத்தின் வாதத்துக்கு அடிப்படை அது. அதாவது இருதரப்பும் மோதிக்கொண்டது 5,000 என்ற எண்ணின் மேல் அன்று, அந்த ஆண்டின் பற்றாக்குறை எத்தனை விழுக்காடு என்ற விகிதத்தின் மேல். தொலைக்காட்சி விவாதங்களில் அந்த விகிதம் காதில் விழுந்ததாக நினைவில்லை.

ஒரே தொகுதிக்குப் பல பகுதிகள்

இப்போது 14.75-ஐ எடுத்துக்கொள்வோம். பின்னத்தில் கீழே, அதாவது பகுதியாக, எதை வைப்பது என்பதைப் பொறுத்து அது எப்படியெல்லாம் உருமாறுகிறது என்று பாருங்கள். காவிரியில் பங்கிடப்படும் மொத்த நீர் 740 டிஎம்சி. அதில் 14.75 என்பது 2 விழுக்காடு. பிலிகுண்டுலுவில் வர வேண்டியிருந்த 192-இல் அது 7.7 விழுக்காடு. தமிழ்நாட்டின் மொத்தப் பங்கான 419-இல் 3.5 விழுக்காடு. கர்நாடகத்தின் பங்கு 270-இலிருந்து 284.75 ஆனதால், அவர்கள் பக்கத்தில் அது 5.5 விழுக்காடு உயர்வு. மேட்டூர் அணையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. சென்னையின் ஆறு ஏரிகளும் நிரம்பி நின்றாலும் அவற்றின் மொத்த நீரைவிட இது அதிகம். இவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ‘2 விழுக்காடுதான்’ என்று சொல்பவரும் ‘சென்னை ஏரிகள் அனைத்தையும் விடப் பெரிது’ என்று சொல்பவரும் உண்மையையே சொல்கிறார்கள். எதை எதால் வகுத்தேன் என்று சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் சொல்பவரிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது, கீழே என்ன வைத்தீர்கள் என்பதுதான்.

எனக்கு மிகப் பயனுள்ளதாகத் தோன்றும் பகுதிகள் இரண்டு: ஏக்கர், ஆள்.

ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு போக நெல்லுக்கு மழையையும் சேர்த்து நான்கு அடி உயரத் தண்ணீர் வேண்டும் என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 1.74 × 10⁵ கன அடி ஆகிறது. 10⁹-ஐ இதனால் வகுத்தால், ஒரு டிஎம்சிக்கு சுமார் 5,700 ஏக்கர். 14.75 டிஎம்சிக்கு ஏறத்தாழ 85,000 ஏக்கர்.

அடுத்து ஆள் கணக்கு. நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கு இந்தியாவில் பின்பற்றப்படும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். ஆண்டுக்கு 49,275 லிட்டர், அதாவது 4.93 × 10⁴. நெல் வயலின் 1.74 × 10⁵ கன அடியை லிட்டராக மாற்றுவோம். ஒரு கன அடி 28.3 லிட்டர் என்பதால் 4.93 × 10⁶ லிட்டர். முன்னெண்கள் இரண்டும் ஒன்றே. வகுத்தால் மிஞ்சுவது 10² மட்டும். ஓர் ஏக்கர் நெல் ஒரு போகத்தில் கேட்கும் தண்ணீர், நூறு நகரவாசிகள் ஓராண்டு முழுவதும் குடிக்க, குளிக்க, துவைக்கப் பயன்படுத்தும் தண்ணீர். நான்கு அடி என்பதை மூன்றாக்கினால் நூறு எழுபத்தைந்து ஆகும். அதற்கு மேல் பெரிதாக மாறாது. இந்த விகிதத்தைக் கண்ட பிறகு 14.75 டிஎம்சி எனக்கு இரட்டை முகத்தோடு தெரிகிறது: 85,000 ஏக்கர் அல்லது 85 லட்சம் பேர்.

உச்ச நீதிமன்றம் அந்த 14.75-ஐப் பிரித்த விதமும் இதே இரண்டு முகங்களைத் தொட்டது. தமிழ்நாட்டில் கிடைக்கும் நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்து 10 டிஎம்சி, பெங்களூருவின் குடிநீருக்காக 4.75 டிஎம்சி. பின்னதை மேற்சொன்ன அளவுகோலால் வகுத்தால் சுமார் 27 லட்சம் பேரின் ஓராண்டுத் தேவை. வயலுக்கு மாற்றினால் 27,000 ஏக்கர். குடிநீருக்கு முன்னுரிமை என்ற கொள்கையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நகரத்து ஒவ்வொரு நூறு பேருக்கும் எதிரே ஓர் ஏக்கர் இருக்கிறது என்பது நகரத்தில் வாழும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். வயலில் பாய்ந்த நீரில் ஒரு பகுதி நிலத்தடிக்குத் திரும்புகிறது, நகரத்தில் பயன்படுத்திய நீரில் பெரும்பகுதி கழிவுநீராக வெளியேறுகிறது. அந்தக் கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தினால் இந்த விகிதமே மாறும். கொள்கை வகுப்பவர்கள் கை வைக்க வேண்டிய இடம் அது.

அமேசானும் கடலும்

காவிரியை உலகின் மிகப் பெரிய ஆற்றோடு ஒப்பிடும்போது அறிவியல் குறியீடு இல்லாமல் நகரவே முடியாது. அமேசான் வினாடிக்குச் சராசரியாக ஏறத்தாழ 2.1 × 10⁵ கன மீட்டர் நீரைக் கடலில் சேர்க்கிறது. மேட்டூரின் கொள்ளளவு 2.65 × 10⁹ கன மீட்டர். வகுத்தால் 1.26 × 10⁴ வினாடிகள், மூன்றரை மணி நேரம். காலைச் சிற்றுண்டிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில் அமேசான் ஒரு மேட்டூரை நிரப்பிவிடும். 740 டிஎம்சி என்பது 2.1 × 10¹⁰ கன மீட்டர் என்பதால், இரு மாநிலங்கள் நூறாண்டுக்கு மேல் வழக்காடிய காவிரியின் ஓராண்டு நீர் அமேசானின் 28 மணி நேர ஓட்டம். ஆண்டுக்கு ஆண்டு கணக்கிட்டால் அமேசான் சுமார் 315 மடங்கு.

இப்படிப்பட்ட ஒப்பீட்டைப் படித்ததும் ஓர் அயர்ச்சி வரும். அது தேவையற்றது. அமேசான் வடிநிலத்தின் பரப்பு 60 லட்சம் சதுர கிலோமீட்டரைத் தாண்டும். காவிரி வடிநிலம் 81,155 சதுர கிலோமீட்டர். பரப்பில் ஏறத்தாழ 80 மடங்கு. நீரில் 315 மடங்கு, நிலத்தில் 80 மடங்கு என்றால், ஒரு சதுர கிலோமீட்டருக்குக் கிடைக்கும் நீரில் அமேசான் காவிரியைவிட நான்கு மடங்கு மட்டுமே. விகிதத்தை இன்னொரு விகிதத்தால் வகுத்ததும் பூதாகரமான எண் சாதாரண அளவுக்கு வந்துவிட்டது. நாடுகளின் வருமானத்தையும் மாநிலங்களின் கடனையும் ஒப்பிடும்போதும் இந்த இரண்டாவது வகுத்தலைத்தான் பலர் செய்யாமல் விடுகிறார்கள்.

கடலுக்குப் போனால் அடுக்குகள் இன்னும் விரிகின்றன. உலகின் கடல்களில் சுமார் 1.34 × 10⁹ கன கிலோமீட்டர் நீர் இருக்கிறது. மேட்டூர் 2.65 கன கிலோமீட்டர். கடலுக்குள் 5 × 10⁸ மேட்டூர், அதாவது 50 கோடி. திருப்பிப் பார்த்தால், மேட்டூர் கடலில் 2 × 10⁻⁹ பங்கு. அடுக்கு எதிர்க்குறி பெற்றதும் நூறு கோடியில் இரண்டு பங்கு என்று வாசிக்க வேண்டும். மறுபக்கம் 180 மில்லிலிட்டர் பிடிக்கும் டம்ளரை எடுத்தால், மேட்டூரில் 1.5 × 10¹³ டம்ளர் நீர். பத்தின் அடுக்கில் அளந்தால் மேட்டூர் டம்ளருக்கு 13 படி மேலே, கடலுக்கு 9 படிக்கும் குறைவாகக் கீழே. டம்ளரைவிடக் கடலுக்கே மேட்டூர் அருகில் இருக்கிறது.

இயற்பியலாளர் லார்ட் கெல்வின் காட்டிய ஓர் எடுத்துக்காட்டு இந்த இரு முனைகளையும் இணைக்கிறது. ஒரு டம்ளர் நீரின் மூலக்கூறுகளுக்கெல்லாம் அடையாளம் இட்டுக் கடலில் ஊற்றி, உலகக் கடல்கள் முழுவதிலும் சீராகக் கலந்துவிட்டதாகக் கற்பனை செய்யுங்கள். பிறகு எந்தக் கடற்கரையிலாவது ஒரு டம்ளர் நீர் மொண்டால் அடையாளம் இட்ட மூலக்கூறு ஒன்றாவது கிடைக்குமா? கிடைக்காது என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்குப் போடுவோம். 18 கிராம் நீரில் அவகாட்ரோ எண் அளவு மூலக்கூறுகள், 6.02 × 10²³. நம் டம்ளரில் 180 கிராம், ஆகவே 6.02 × 10²⁴. கடல் நீர் 1.34 × 10²¹ லிட்டர், அதை 0.18-ஆல் வகுத்தால் 7.4 × 10²¹ டம்ளர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.81 × 10³. ஒவ்வொரு டம்ளரிலும் சுமார் 800. உண்மையான நீரில் மூலக்கூறுகள் தம் ஹைட்ரஜன் அணுக்களை ஒன்றோடொன்று ஓயாமல் மாற்றிக்கொள்கின்றன என்பதால் அடையாளம் நிலைக்காது. எண்ணிக்கை அளவில் மட்டும் இது உண்மை. 24 சுழியங்களையும் 21 சுழியங்களையும் எழுதிப் பார்த்த எவருக்கும் எது பெரிது என்று கண்ணால் சொல்ல வராது. 24-இலிருந்து 21-ஐக் கழிக்கத் தெரிந்த பள்ளி மாணவருக்கு நொடியில் வரும்.

எந்த இலக்கம் வரை நம்பலாம்?

93.47 டிஎம்சியைக் கணினியில் லிட்டராக மாற்றினால் திரையில் பதின்மூன்று இலக்கங்கள் வந்து நிற்கும். அத்தனையையும் அப்படியே எழுதிவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. துல்லியமாக இருப்பதாக ஒரு தோற்றம் தருகிறதே தவிர, அது தவறான செய்தி. மூல எண்ணில் நான்கு இலக்கங்களுக்கு மட்டுமே பொறுப்பு இருக்கிறது. 2.647 × 10¹² லிட்டர் என்று எழுதினால் அந்த நேர்மை காப்பாற்றப்படுகிறது. எத்தனை இலக்கம் வரை உறுதி என்பதை எழுதும் முறையே சொல்லிவிடுகிறது. மேலே நான் 85,000 ஏக்கர் என்று எழுதியதும் இதனால்தான். நான்கு அடி என்ற ஊகத்திலிருந்து 84,653 என்ற விடையை வாங்கி அச்சில் ஏற்றுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

நீர்மட்டச் செய்தியிலும் இதே கவனம் தேவை. மேட்டூரின் முழு மட்டம் 120 அடி. 100 அடியில் அணையில் ஏறத்தாழ 65 டிஎம்சி இருக்கும். உயரத்தில் ஆறில் ஐந்து பங்கு வந்துவிட்டது, நீரிலோ பத்தில் ஏழு பங்குதான். அணை மேலே போகப் போக அகன்றுகொண்டே போவதால் கடைசி 20 அடியில் மட்டும் 28 டிஎம்சிக்கு மேல் அடங்குகிறது. அடிக்கணக்கின் விகிதத்தை நீர்க்கணக்கின் விகிதமாக வாசித்தால் ஒவ்வொரு முறையும் அணையில் உள்ளதைவிட அதிக நீர் இருப்பதாக நம்பிவிடுவோம்.

இந்தக் கட்டுரை முழுவதும் நான் கீழே வைத்து வகுத்த 93.47-க்கும் இதே கேள்வி பொருந்தும். மேட்டூர் அணை 1934-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளமும் வண்டலைக் கொண்டுவந்து அடியில் படிய வைத்திருக்கிறது. நாளிதழ்களும் அரசு அறிக்கைகளும் கொள்ளளவை இன்னும் 93.47 என்றே குறிப்பிடுகின்றன. வண்டல் பத்தில் ஒரு பங்கை மட்டும் அடைத்திருப்பதாக வைத்துக்கொண்டாலும், காணாமல் போன இடம் 9.3 × 10⁹ கன அடி. அது இரண்டரைச் செம்பரம்பாக்கம்.